ஆப்பம், சாளை, மீன் குழம்பு: கூட எந்த ஒயின்? வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: ஈஸ்டர் அன்று வீட்டில் பத்துப் பேர் சாப்பிடுகிறோம். ஆப்பம், கோழிக்கறி, தேங்காய் அரைத்த மீன் குழம்பு, சாளை பொரித்தது, கிடைத்தால் சிப்பி வறுவல். மருமகன் துபாயிலிருந்து திருவனந்தபுரத்தில் வந்து இறங்குகிறார். "மாமி, ரெண்டு பாட்டில் ஒயின் வாங்கிட்டு வரட்டா?" என்று கேட்கிறார். போன வருஷம் தங்கநிறப் பெட்டியில் ஒரு சிவப்பு ஒயின் கொண்டுவந்தார். கசக்கிறது, காரம் தூக்கலாகத் தெரிகிறது என்று எல்லோரும் பாதியில் வைத்துவிட்டார்கள். அதிக விலை இல்லாமல், நம்ம சாப்பாட்டுக்கு ஒத்துவருகிற மாதிரி எதைச் சொல்லலாம்? (குளச்சல் வாசகி)

பதில்: போன வருஷத்துப் பாட்டிலில் குற்றம் எதுவும் இருந்திருக்காது. உங்கள் வீட்டுச் சாப்பாட்டோடு அது சேரவில்லை, அவ்வளவுதான். கனமான சிவப்பு ஒயின்களில் ஆல்கஹால் 14, 15 சதவீதம் வரை போகும். மிளகாயின் எரிச்சலை நமக்கு உணர்த்துகிற அதே நரம்பு முனைகளை ஆல்கஹாலும் தூண்டும். அதனால்தான் குழம்பின் காரம் தூக்கலாகத் தெரிந்திருக்கிறது. திராட்சைத் தோலிலிருந்து இறங்குகிற துவர்ப்பு வேறு. கட்டன்சாயாவை அடுப்பில் மறந்துவிட்டால் நாக்கில் ஒட்டுமே, அதே துவர்ப்புதான். மீனோடு சேர்ந்தால் இன்னும் மோசம். சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புதான் மீனோடு சேரும்போது கவிச்சியைக் கிளப்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் கண்டறிந்தார்கள். சாளை மாதிரி எண்ணெய் மீன் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே மருமகனிடம் ஒரே ஒரு காரியம் சொல்லி விடுங்கள். பெட்டியையும் பெயரையும் பார்ப்பதற்கு முன்னால், லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஆல்கஹால் சதவீதத்தைப் பார்க்கட்டும். நம்ம ஊர்ச் சாப்பாட்டுக்கு 12-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

முதல் பாட்டில், போர்ச்சுகல் நாட்டின் வடமேற்கு மூலையிலிருந்து வரும் வின்யோ வெர்டே. 'பச்சை ஒயின்' என்று அர்த்தம். நிறம் பச்சை இல்லை, பச்சைப் பிஞ்சு என்கிறோமே, அந்தப் பச்சை. அட்லாண்டிக் கடல்காற்றும் நல்ல மழையும் உள்ள இடம் என்பதால் திராட்சையில் புளிப்பு தங்கிவிடும். பெரும்பாலும் 9 முதல் 11 சதவீதத்துக்குள் இருக்கும். நாக்கில் லேசாகச் சுறுசுறுவென்று ஒரு நுரை. செப்டம்பரில் பறித்த பழம் அடுத்த இளவேனிலில் பாட்டிலில் வந்து நிற்கும், அப்போதே குடித்துவிட வேண்டிய ஒயின். அந்த நாட்டுக்காரர்கள் சாளையின் ஒன்றுவிட்ட சகோதரனைக் கனலில் சுட்டு, கல்லுப்பு போட்டு, இதோடு சாப்பிடுகிறார்கள். பயணிகள் கப்பலில் சாப்பாடு பரிமாறிய காலத்தில் லிஸ்பனில் இறங்கிய ஒரு மத்தியானம் நானும் அப்படிச் சாப்பிட்டேன். முதல் மிடறில் எலுமிச்சைத் தோல் வாசம், அடுத்த நொடி மீன் எண்ணெயை வழித்துக்கொண்டு போய்விட்டது, வாய் சுத்தம். விலையும் கையைக் கடிக்காது. ஐரோப்பியக் கடைகளில் 5 யூரோவை ஒட்டியே கிடைக்கிற சரக்கு.

இரண்டாவது பாட்டில் ரீஸ்லிங் என்கிற வெள்ளைத் திராட்சையில் செய்த ஒயின். மீன் குழம்புக்கும் கோழிக்கறிக்கும் இதுதான். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அக்கானி (பதநீர்) கள்ளாவதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். இனிப்பு குறையக் குறைய வெறி ஏறும். அந்த மாற்றத்தைப் பாதியில் நிறுத்தினால் கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் வெறியும் மிஞ்சும். ஜெர்மனியின் மோசல் ஆற்றுச் சரிவுகளில் விளையும் ரீஸ்லிங்கில் 'காபினெட்' என்று போட்டு 8, 9 சதவீதம் என்றிருந்தால், இனிப்பு மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அந்த இனிப்பு மிளகாயை அமர்த்தும், தேங்காய்ப் பாலோடு சேரும். கூடவே நல்ல புளிப்பும் இருப்பதால் திகட்டாது. குழம்பில் புளியோ மாங்காயோ இருக்கிறதல்லவா, ஒயினும் அதே அளவு புளிக்காவிட்டால் வெறும் தண்ணீர் மாதிரித் தெரியும். அதே லேபிளில் 'ட்ரோக்கன்' என்ற சொல்லும் இருந்தால் இனிப்பே இல்லாத வகை. அதை எடுக்க வேண்டாம்.

ஜெர்மன் கிடைக்காவிட்டால் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ரீஸ்லிங். சாட்டோ செயின்ட் மிஷேல் என்ற நிறுவனத்தின் கொலம்பியா பள்ளத்தாக்கு ரீஸ்லிங் அங்கே 10 டாலரை ஒட்டி விற்கிறது. 12 சதவீதம் பக்கம் வரும், பரவாயில்லை. அமெரிக்க ரீஸ்லிங் பலவற்றின் பின்பக்க லேபிளில் ஒரு கோடு போட்டு, எவ்வளவு இனிப்பு என்று குறித்துக் காட்டியிருப்பார்கள். குறி நடுவில் இருப்பதை எடுக்கலாம். எல்லா நாட்டு பாட்டிலிலும் இப்படி ஒரு கோடு போட்டால் என் பத்தியில் பாதிக்கு வேலை இருக்காது.

சிப்பி நிறையக் கிடைத்துவிட்டால் மட்டும் ஒரு மாற்று யோசனை. பிரான்சில் லுவார் ஆறு கடலில் விழுகிற நான்ட் நகரப் பக்கம் மஸ்கடே என்றொரு வெள்ளை ஒயின் உண்டு. பாறையிலிருந்து எடுத்த சிப்பிக்கு அந்த ஊரில் அதைத்தான் ஊற்றுகிறார்கள். 'சுர் லீ' என்று எழுதியிருந்தால் அடிவண்டலோடு வைத்திருந்து எடுத்தது, இன்னும் ருசி. ஆனால் சிப்பியில் மிளகும் தேங்காய்க் கொத்தும் தூக்கலாகப் போடுகிறவர்கள் வின்யோ வெர்டேயிலேயே நின்றுகொள்ளுங்கள்.

கணக்குக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் சுங்கம் கட்டாமல் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர். ஒரு பாட்டில் 750 மில்லி, மூன்றாவது பாட்டிலில் 2.25 ஆகிவிடும். 150 மில்லி வீதம் ஊற்றினால் இரண்டு பாட்டிலில் சரியாகப் பத்து கிளாஸ். டியூட்டி ஃப்ரீ பையைப் பிரிக்காமல், பில்லும் போர்டிங் பாஸும் கூடவே வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

பங்குனி, சித்திரை வெயிலில் ஆறு மணிக்கூர் காரில் கிடந்தால் எந்த ஒயினும் வெந்துபோகும். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு அப்புறம் பெட்டியைப் பிரிக்கட்டும். பரிமாறுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் எடுத்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பூசையில் கொடுக்கும் திராட்சரசமும், கிறிஸ்துமஸுக்குப் பரணியில் போடுகிற சர்க்கரை ஒயினும்தான் நம் பெரியவர்களுக்கு ஒயின். வின்யோ வெர்டேயை வாயில் வைத்ததும் "இது புளிச்சுப் போச்சு மக்களே" என்பார்கள். அவர்களுக்கு ரீஸ்லிங்கை ஊற்றுங்கள்.

கேள்வி: கடையில் 'எக்ஸ்ட்ரா டிரை' என்று போட்ட நுரை ஒயின் வாங்கினேன். டிரை என்றால் இனிப்பில்லாதது என்றுதானே அர்த்தம்? இது இனிக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஏமாற்றவில்லை, ஆனால் உங்கள் கோபம் நியாயம். இத்தாலியின் புரொசெக்கோ போன்ற நுரை ஒயின்களில் 'எக்ஸ்ட்ரா டிரை' என்றால் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை. அதைவிட இனிப்பு குறைந்தது 'புருட்', 12 கிராமுக்குக் கீழே. ஐரோப்பியச் சட்டத்தில் உள்ள அளவே இதுதான். வெறும் 'டிரை' என்று போட்டிருந்தால் எக்ஸ்ட்ரா டிரையைவிடவும் இனிக்கும்! அடுத்த தடவை ஸ்பெயின் நாட்டு நுரை ஒயினான காவாவில் புருட் கேளுங்கள். ஷாம்பெய்ன் மாதிரியே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை புளிக்கவைத்துச் செய்வது, விலை அதில் ஒரு பகுதிதான். ஏத்தங்காய் சிப்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டாளி எனக்குத் தெரியாது. உப்பும் எண்ணெயும் நுரையைக் கண்டால் அடங்கிவிடும். நன்றாகக் குளிரவைத்த பிறகே திறக்கவும். உள்ளே காரின் டயரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்தம் இருக்கும், கார்க்கை யார் முகத்துக்கு நேராகவும் பிடிக்கக்கூடாது.

கேள்வி: பத்து வருஷப் பழைய வெள்ளை ஒயின் பாதி விலைக்கு வருகிறது. பழையது உசத்திதானே, வாங்கலாமா? (தக்கலை வாசகர்)

பதில்: வேண்டாம். பல வருஷம் தாங்குகிற ஒயின்கள் உண்டு, அவை பாதி விலைக்கு வராது. மலிவான வெள்ளையும், ரோஸ் என்கிற இளஞ்சிவப்பும் இரண்டு வருஷத்துக்குள் குடிக்க வேண்டியவை. நானும் ஒருமுறை வெளிமாநிலக் கடை ஒன்றில் இந்த ஆசைக்கு விழுந்திருக்கிறேன். மேலே இருந்த தகடு லேசாகப் புடைத்திருந்தது, விலையைப் பார்த்ததில் அதைக் கவனிக்கவில்லை. வீட்டில் வந்து பிரித்தால் கார்க் வெளியே தள்ளியிருக்கிறது, அதன் பக்கவாட்டில் ஒயின் வழிந்து காய்ந்த கறை. கிளாஸில் ஊற்றியது சாயா நிறம், அழுகின ஆப்பிள் வாசம். ஏ.சி. இல்லாத கடையில் எத்தனை கோடை நின்றதோ. வாங்குமுன் தகட்டைத் தடவிப் பாருங்கள், பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கார்க்குக்குப் பதில் திருகு மூடி என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம், நம்ம வெயிலுக்கு அதுவே நல்லது.

கேள்வி: மாட்டிறைச்சி வறுவலுக்குச் சிவப்பு இல்லாமல் முடியாது என்கிறான் என் அண்ணன். (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: அண்ணன் சொல்வது சரி, சிவப்பிலும் லேசானது இருக்கிறதே. பிரான்சின் போஜொலே, இத்தாலியின் பார்பெரா. இரண்டிலும் துவர்ப்பு குறைவு, புளிப்பு நன்றாக இருக்கும். கலிஃபோர்னியாவின் சின்ஃபண்டெல் பலருக்கும் பிடிக்கும், ஆனால் 15 சதவீதம் வரை போகிறது. மிளகு தூக்கலான வறுவலோடு எரியும். அதே திராட்சையில் செய்யும் 'ஒயிட் சின்ஃபண்டெல்' இளஞ்சிவப்பாக, இனிப்பாக, 10 சதவீதம் பக்கம் இருக்கும். ஒயின் தெரிந்தவர்கள் அதைக் கேலி செய்வார்கள். காரமான கறிக்கு அது நன்றாகவே போகிறது, கேலியைக் கண்டுகொள்ளாதீர்கள். அப்புறம், சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' குடிக்க வேண்டும் என்று எழுதியவர்களின் அறை 17 டிகிரி. நம்ம அறை 31. அரை மணிநேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

கேள்வி: களியக்காவிளை தாண்டிப் போய் கேரளக் கடையில் வாங்கிவந்தால் என்ன? (குழித்துறை வாசகர்)

பதில்: அனுமதி இல்லாமல் பிற மாநில மதுவை இங்கே கொண்டுவருவது குற்றம். எல்லையில் சோதனையும் உண்டு. ஐநூறு ரூபாய் லாபத்துக்கு ஸ்டேஷனில் உட்கார வேண்டாம். இங்கேயே டாஸ்மாக் எலைட் கடைகளில் இறக்குமதி ஒயின் வைக்கிறார்கள். பில் கேட்டு வாங்கி, பாட்டிலில் அச்சிட்ட விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விலை ஏன் அத்தனை என்றால், இறக்குமதி ஒயினுக்குச் சுங்கமே பல வருஷமாக 150 சதவீதம் வரை இருந்துவந்தது, அதற்கு மேல் மாநில வரி. 5 யூரோ ஒயின் இங்கே 5 யூரோ ஒயினாக இருக்காது.

கேள்வி: சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டு மாமனாருக்கு வாங்க நினைக்கிறேன். (இரணியல் வாசகி)

பதில்: அதற்காக என்றால் வாங்காதீர்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. ருசிக்காகக் குடிப்பவர்களுக்குத்தான் இந்தப் பத்தி.

கேள்வி: திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்? (கருங்கல் வாசகர்)

பதில்: மூடி போட்டு ஃபிரிட்ஜில் நிறுத்திவைத்தால் வெள்ளைக்கும் சிவப்புக்கும் மூன்று, நான்கு நாள். நுரை ஒயின் மறுநாளைக்குள். இனிப்பு ரீஸ்லிங் ஒரு வாரம்கூடத் தாங்கும். மேசையிலேயே விட்டால் நம்ம ஊர்ச் சூட்டுக்கு மறுநாளே வினிகர் வாசம் வரத் தொடங்கும். அதைக் கொட்டாமல் இறைச்சி ஊறவைக்கப் பயன்படுத்தலாம், மீன் குழம்பில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.