அயோமியின் விரலும் நம் வயதும்

அன்புள்ள சார்,

எனக்கு 58 வயது. ராக் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் இறந்த செய்தி வந்த அன்று எங்கள் கல்லூரி விடுதி வாட்ஸப் குழு விடிய விடிய தூங்கவில்லை. (ஓஸியை ஓசியில் கேட்டவர்கள்தான் எல்லோரும். ஒருவன் ரெக்கார்டிங் சென்டரில் காசு கொடுத்துப் பதிந்து வருவான், மற்றவர்கள் அதிலிருந்து நகல் எடுப்போம்.) மறுநாள் காலை, அவர் பாடிய பிளாக் சபாத் குழுவின் ‘பாரனாய்டு’ ஆல்பத்தை முழுதாகப் போட்டுக் கேட்டேன். என் மகள் வீணை கற்றவள். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, “அப்பா, பாட்டு நிஜமாவே நல்லா இருக்கா, இல்ல உங்களுக்கு அப்போ இருபது வயசா?” என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். அவளுக்கு எதைப் போட்டுக்காட்டலாம் என்றும் சொன்னால் நல்லது.

எஸ்.ஆர்., திருச்சி

அன்புள்ள எஸ்.ஆர்.,

உங்கள் மகள் கேட்டது நியாயமான கேள்வி. பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் கேட்டதுதான் எல்லோருக்கும் பொற்காலப் பாட்டு. எம்.எஸ்.வி. ரசிகர்கள் ராஜாவிடம் குறை கண்டார்கள், ராஜா ரசிகர்கள் ரஹ்மானிடம் குறை கண்டார்கள். ராக் கேட்டவர்கள் மட்டும் விதிவிலக்காக முடியுமா என்ன?

ஆகவே வயதைக் கழித்துவிட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும். அப்படிக் கேட்டால் நிறைய உதிர்ந்துவிடுகிறது. எண்பதுகளில் முடியைச் சிலுப்பிக்கொண்டு வந்த கிளாம் மெட்டல் கோஷ்டிகளை, அந்த டிரம்மின் செயற்கை எதிரொலியோடு, இன்று என்னால் ஒரு பாட்டுக்கு மேல் கேட்க முடியவில்லை. உங்கள் குழுவில் சிலர் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. பிளாக் சபாத் உதிர்வதில்லை. என்னிடம் கேட்டால் அதற்கு முக்கியக் காரணம் ஒருவருடைய கைதான்.

பிளாக் சபாத்தின் கிதார் கலைஞர் டோனி அயோமி பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வயது 17. கிதார் வாசிப்பதையே தொழிலாக்கிக்கொள்ள முடிவு செய்து, வேலையை விட இருந்த கடைசி நாள். வராத ஒரு தொழிலாளிக்குப் பதிலாக அவரை இயந்திரத்தில் நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. இடது கைப் பழக்கமுள்ளவர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். கதை முடிந்தது என்று உட்கார்ந்திருந்தவருக்கு மேலாளர் ஒருவர் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக்காட்டினார். ஜாங்கோ தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்து, மிச்ச விரல்களால் வாசித்தவர்.

அயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். தந்தியில் வழுக்காமல் இருக்க அதன் மேல் தோல் துண்டு ஒட்டினார். அந்தத் தொப்பியால் தந்தியைத் தொட்டாலும் உணர்ச்சி தெரியாது, கெட்டித் தந்தியை அழுத்தினால் வலிக்கும். மெல்லிய கிதார் தந்தி அப்போது கடையில் சுலபமாகக் கிடைக்காததால் பாஞ்சோ தந்தியை மாட்டினார். பிறகு தந்திகளையே தளர்த்திவிட்டார். 1971-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தில் சில பாட்டுகளுக்குக் கிதார் சுருதி வழக்கத்தைவிட மூன்று அரைச்சுரம் கீழே. தந்தி தளர்ந்தால் சுருதி இறங்கும், ஒலி கனக்கும். இன்று மெட்டல் எனும் ராக் வகை என்றாலே நினைவுக்கு வரும் அந்தக் கனத்துக்கு ஒரு வலிக்கிற கையும் காரணம்.

நீங்கள் நகலின் நகலைக் கேட்டவர். ஒவ்வொரு நகலிலும் மேல் ஒலிகள் மங்கி, இரைச்சல் ஏறி, மோட்டார் சோர்ந்த டேப் ரெக்கார்டரில் சுருதி இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள குட்டி ஸ்க்ரூவைத் திருகித் திருகி ஒலியைத் தெளிவாக்கப் பார்த்திருப்பீர்கள். அப்படியும் அந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு) உங்களை வந்து சேர்ந்திருக்கிறது. இதை மகளிடம் சொல்லலாம்.

வீணை வாசிப்பவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். ராக் கிதாரில் ஓயாமல் வரும் பவர் கார்டு என்பது ச-ப தான், தம்புராவில் கேட்கும் அதே ஜோடி. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் ஏற்றிய கிதாரில் காந்தாரத்தையும் சேர்த்தால் ஒலி கலங்கிப்போகும், ச-ப மட்டும் தெளிவாக நிற்கும். அதனால் அந்த இரைச்சலுக்கு அடியில் இருப்பது உங்கள் மகளின் காதுக்கு அந்நியமே இல்லை. இப்போது பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆல்பம் ஒரே நாளில் பதிவாகி, 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. மழை, மணியோசை, அப்புறம் மூன்றே ஸ்வரம்: சட்ஜம், மேல் சட்ஜம், பிரதி மத்யமம். ஐரோப்பிய இசையில் சாத்தானின் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட இடைவெளி இது. நமக்கோ கல்யாணி ராகத்தின் உயிரே பிரதி மத்யமத்தில்தான் இருக்கிறது. பிறகு இங்கே ஏன் வயிற்றைப் பிசைகிறது? கல்யாணியில் அதற்கு ஒரு பக்கம் காந்தாரம், மறுபக்கம் பஞ்சமம் என்று துணை உண்டு. அயோமி அரைச்சுரம் மேலே இருக்கும் பஞ்சமத்தைத் தராமலே அந்த ஸ்வரத்தில் நின்று, அதை அசைத்து அசைத்து நம்மைக் காக்க வைக்கிறார். அவசரமும் படவில்லை. இருபது வயது இல்லாதவருக்கும் இது கேட்கும்.

இவர்கள் சாத்தானைத் துதிப்பவர்கள் என்ற பேச்சை ரொம்பப் பெரிதாக்க வேண்டாம். பெரும்பாலான வரிகளை எழுதியவர் பாஸ் வாசித்த கீசர் பட்லர். ‘வார் பிக்ஸ்’ போருக்கு எதிரான பாட்டு. ‘ஆஃப்டர் ஃபாரெவர்’ கடவுள் நம்பிக்கைக்காக வாதாடுகிற பாட்டு! கேசட்டோடு பாட்டு வரிகள் வராததால் நம் ஊரில் வதந்திதான் முதலில் வந்து சேர்ந்தது.

ஓஸியின் குரல் பயிற்சி பெற்ற குரல் அல்ல. பல இடங்களில் கிதார் போகும் ஸ்வரத்திலேயே அவரும் போவார். அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அது பலமாகவே படுகிறது. 2025 ஜூலை 5 அன்று, தான் வளர்ந்த ஆஸ்டனில், வில்லா பார்க் மைதானத்தில், பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல் கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். பிளாக் சபாத்தின் பழைய நால்வரும் 2005-க்குப் பிறகு ஒன்றாக வாசித்தது அன்றுதான். 17 நாளில் போய்விட்டார். அந்தக் காணொளியை மட்டும் மகளுக்கு முதலில் காட்டாதீர்கள். அதைப் பார்த்து அழ நாற்பது வருடப் பழக்கம் வேண்டும். அங்கே மகளின் சந்தேகம்தான் ஜெயிக்கும்.

‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யைப் போடுங்கள். மொத்தமே 34 நிமிடம் சொச்சம்தான். ‘சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்’ வரும்போது பில் வார்டின் டிரம்மைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஜாஸ் கேட்டு வளர்ந்த ஆள், அதனால்தான் அவ்வளவு கனத்திலும் தாளம் துள்ளுகிறது. ‘சாலிட்யூட்’ பாட்டில் புல்லாங்குழல் வாசிப்பவரும் அயோமிதான், அதை முன்கூட்டியே சொல்லாதீர்கள். ஆல்பம் ஒரு இருமலோடு தொடங்கும். கேசட் நகலில் ஏதோ கோளாறு என்று அன்று நினைத்திருப்பீர்கள். கோளாறு இல்லை, கஞ்சா புகைத்துவிட்டு அயோமி இருமியது. இதை மகளிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.