ராப் பாடல்கள் வன்முறையைக் கொண்டாடுகின்றனவா, தெருவில் நடப்பதைத்தான் சொல்கின்றனவா?

இரண்டும் உண்டு. ஆனால் வரிகளை மட்டும் படித்துவிட்டு எது எந்த வகை என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பாட்டு எந்த ஊரிலிருந்து வந்தது, அப்போது அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

அதிகம் திட்டு வாங்கிய என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவையே எடுத்துக்கொள்வோம். லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய காம்ப்டன் பையன்கள். 1980களின் தொடக்கத்தில் பக்கத்து சவுத் கேட்டில் இருந்த ஃபயர்ஸ்டோன் டயர் ஆலையும் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலையும் மூடப்பட்டன. வேலை போன தெருக்களுக்குள் கிராக் கொக்கெயின் என்ற போதைப்பொருள் வந்தது, அதன் பின்னாலேயே துப்பாக்கியும் வந்தது. கும்பல்களை ஒடுக்குகிறோம் என்று போலீஸ் கறுப்பின இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாக அள்ளிக்கொண்டு போனது. 1988 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸின் டால்டன் அவென்யூவில் போதைப்பொருள் சோதனை என்று வீடுகளுக்குள் புகுந்த போலீஸார் கழிப்பறைகளை உடைத்தார்கள், சுவர்களைப் பிளந்தார்கள். புயல், பூகம்பம் வந்தால் உதவிக்கு வரும் செஞ்சிலுவைச் சங்கம், போலீஸ் சோதனை நடந்த வீட்டுக்காரர்களுக்கு நிவாரணம் கொடுத்தது!

போலீஸைக் கண்டபடி திட்டி அந்தக் குழு பாடியது இந்தச் சூழலில்தான். 1989இல் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அதிகாரி ஒருவர் அவர்களின் இசைத்தட்டு நிறுவனத்துக்கே கடிதம் எழுதி, அந்தப் பாட்டு வன்முறையைத் தூண்டுகிறது என்று கண்டித்தார். 1991இல் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை லாஸ் ஏஞ்சலஸ் போலீஸார் அடித்து நொறுக்கும் வீடியோவை உலகமே பார்த்தது. அடுத்த வருஷம் அந்தப் போலீஸார் மீதான வழக்கில் ஒருவருக்குக்கூடத் தண்டனை கிடைக்கவில்லை. அதைத் தொடர்ந்த கலவரத்தில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பாட்டு எதைச் சொன்னதோ அது ஏற்கெனவே அங்கே இருந்தது.

அதற்காக எல்லாப் பாட்டுக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். துப்பாக்கிப் பேச்சு விற்கிறது என்று தெரிந்ததும் கம்பெனிகள் அதையே திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கின. பெண்களை இழிவாகப் பேசும் வரிகளும் அப்படித்தான் பெருகின. அவற்றைத் தெருவின் குரல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புகழ்பெற்ற ராப் பாடகர்களான டூபாக் 1996இலும் பிகி 1997இலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் அவர்களுடைய பகையே விளம்பரச் சரக்காக ஓடிக்கொண்டிருந்தது. இருவருக்கும் 30 வயதுகூட ஆகவில்லை.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது வேறொரு இடத்தில். அமெரிக்க நீதிமன்றங்களில் பாட்டு வரியை வாக்குமூலம் மாதிரி வாசிக்கிறார்கள். நியூ ஜெர்சியில் ஒரு கொலை முயற்சி வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் எழுதிய ராப் வரிகள் 13 பக்கம் ஜூரிகள் (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள்) முன்னால் வாசிக்கப்பட்டன. அதில் சில, சம்பவத்துக்குப் பல வருஷம் முன்பே எழுதியவை. அவர் குற்றவாளி என்ற தீர்ப்பு நிற்காது என்று 2014இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. ஷெரீஃபை, அதாவது போலீஸ் அதிகாரியை, சுட்டேன் என்று பாடிய பாடகர் பாப் மார்லி நிஜமாகவே சுட்டார் என்று யாராவது நினைப்பார்களா என்று அந்தத் தீர்ப்பிலேயே கேட்டிருக்கிறார்கள்.

1990களில் கேரி ஃபிரைட் என்ற ஆய்வாளர் ஒரு பரிசோதனை செய்தார். போலீஸ்காரரைச் சுடுவது பற்றிய ஒரு பழைய நாட்டுப்பாட்டு வரிகளைச் சிலரிடம் ராப் என்றும், வேறு சிலரிடம் கன்ட்ரி இசை (அமெரிக்கக் கிராமப்புற இசை) என்றும் சொல்லிக் கொடுத்தார். ராப் என்று நினைத்துப் படித்தவர்களுக்குத்தான் அதே வரிகள் கூடுதல் ஆபத்தாகத் தெரிந்தன. ராப் வரியைக் கேட்டதும் பாடியவரையே சந்தேகப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

2022இல் கலிஃபோர்னியா இதற்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. பாடல் வரியைச் சாட்சியமாக ஏற்பதற்கு முன், அது ஜூரிகளிடம் தவறான எண்ணத்தை உண்டாக்குமா என்று நீதிபதி பார்க்க வேண்டும். ஆனால் அடுத்த வருஷமே ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவில் ராப் பாடகர் யங் தக் மீதான வழக்கில், அவர் பாடிய வரிகளைச் சாட்சியமாகப் பயன்படுத்த நீதிபதி அனுமதி கொடுத்தார். கலிஃபோர்னியாவில் இருக்கும் பாதுகாப்பு மற்ற மாநிலங்களிலும் வர வேண்டும்.