இரட்டைக் கிளட்ச் காரில் ஏன் இந்தத் தயக்கம்?

கேள்வி: பல ஆண்டுகள் மேனுவல் கார் ஓட்டிவிட்டு அண்மையில் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் காருக்கு மாறியிருக்கிறேன். நெடுஞ்சாலையில் வண்டி அருமையாக ஓடுகிறது. ஆனால் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும், பின்னால் எடுத்து நிறுத்தும்போதும் குலுக்கலும் தயக்கமும் தெரிகின்றன. ஏற்றத்தில் நின்று கிளம்பவும் அச்சமாக இருக்கிறது. இது வண்டியின் கோளாறா, என் ஓட்டும் முறையில் உள்ள குறையா?

பதில்: நீங்கள் சொல்பவற்றில் பெரும்பகுதி இவ்வகைக் கியர்பாக்ஸின் இயல்புதான். உங்கள் காரில் கிளட்ச் பெடல்தான் இல்லையே தவிர, கிளட்ச் இருக்கிறது. அதுவும் இரண்டு இருக்கின்றன. ஒன்று 1, 3, 5 ஆகிய ஒற்றைப்படைக் கியர்களையும், மற்றொன்று 2, 4, 6 ஆகிய இரட்டைப்படைக் கியர்களையும் கவனித்துக்கொள்கின்றன. மூன்றாவது கியரில் வேகம் எடுக்கும்போதே நான்காவது கியர் மறுபக்கம் தயாராகப் பொருந்தி நிற்கும். ஒரு கிளட்ச் விடுபடும் அதே நேரத்தில் மற்றொன்று பிடித்துக்கொள்வதால் கியர் மாறுவதே தெரிவதில்லை. 1980களில் போர்ஷே தன் பந்தயக் கார்களில் பயன்படுத்திப் பார்த்த இந்த ஏற்பாடு, 2003இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 வழியாகச் சாலைக் கார்களுக்கு வந்தது. ஓட்டத்தில் விரைவாகக் கியர் மாற்றுவதே இதன் முதன்மையான பலம்.

நின்ற இடத்திலிருந்து கிளம்புவது வேறு கதை. டார்க் கன்வர்ட்டர் உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியருக்கும் இடையே இருக்கும் எண்ணெய் குலுக்கலை வாங்கிக்கொள்கிறது. இங்கோ, இத்தனை காலம் உங்கள் இடது கால் செய்த அரை கிளட்ச் வேலையை ஒரு கணினி செய்கிறது. நீங்கள் ஓரடி நகர நினைக்கிறீர்களா, சந்திப்பைக் கடக்க நினைக்கிறீர்களா என்பது அதற்குத் தெரியாது. ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் நீங்கள் மிதிக்கும் விதத்தை வைத்துத்தான் அது முடிவெடுக்கிறது. மிதிப்பதும் விடுவதுமாக இருந்தால் கிளட்சும் பிடிப்பதும் விடுவதுமாகவே இருக்கும். ஆகவே நெரிசலில் முன்னால் உள்ள வண்டி நகர்ந்தவுடன் ஒட்டிக்கொண்டு போகாமல், சற்று இடைவெளி விழும்வரை பிரேக்கில் நின்று, பிறகு ஒரே சீராகக் கிளம்புங்கள். பின்னால் எடுக்கும்போது, சமதளமாக இருந்தால், ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாம். பிரேக்கை மெல்லத் தளர்த்தினால் பெரும்பாலான கார்கள் தாமாகவே ஊர்ந்து செல்லும், வேகத்தைப் பிரேக்காலேயே அளந்து கொடுக்கலாம்.

ஏற்றத்தில் ஒன்றை மட்டும் அறவே செய்யாதீர்கள்: ஆக்சிலரேட்டரை இலேசாக மிதித்தபடி வண்டியைச் சரிவில் நிறுத்தி வைப்பது. அந்த நேரம் முழுவதும் கிளட்ச் உராய்ந்துகொண்டே இருக்கும். காற்றினால் மட்டுமே குளிரும் உலர் கிளட்சானால் சூடு விரைவில் ஏறிவிடும். எண்ணெயில் இயங்கும் ஈரக் கிளட்ச் கூடுதலாகத் தாங்கும் என்றாலும் அதற்கும் எல்லை உண்டு. பிரேக்கில் நில்லுங்கள். ஏற்ற உதவி வசதி இருந்தால், பிரேக்கிலிருந்து கால் எடுத்த பிறகும் ஓரிரு நொடிகள் அது வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். அதற்குள் தயங்காமல் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட வேண்டும். சரிவு செங்குத்தாக இருந்தால் கைபிரேக்கைப் போட்டுக்கொண்டு, வண்டி இழுக்கத் தொடங்கியதும் விடுவிக்கும் உங்கள் பழைய பழக்கமே இங்கும் கைகொடுக்கும்.

நீங்கள் கேட்காத, ஆனால் நான் மிகவும் கவலைப்படும் விஷயம் உங்கள் இடது கால். பதற்றமான நொடியில் அது கிளட்சைத் தேடிப் போய், அகலமான பிரேக் பெடலை முழு வலுவோடு மிதித்துவிடும். பின்னால் வருபவர் எதிர்பாராத நிறுத்தமாக அது அமையும். இடது காலை எப்போதும் பெடல்களுக்கு இடப்புறம் கால் வைக்க உள்ள ஓரத்து மேடையில் வைத்திருங்கள். இரண்டு பெடல்களுக்கும் வலது கால் ஒன்றே போதும்.

ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வண்டி அதிர்ந்தாலோ, டி (முன்செல்லும் நிலை) அல்லது ஆர் (பின்செல்லும் நிலை) போட்ட பிறகு நெடுநேரம் கழித்தே நகர்ந்தாலோ, ஒற்றைப்படைக் கியர்களோ இரட்டைப்படைக் கியர்களோ மொத்தமாக விழாமல் போனாலோ, அது பழக்கத்தால் சரியாவதன்று. உடனே பணிமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கியர்பாக்ஸ் சூட்டு எச்சரிக்கை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஆறிய பிறகே கிளம்புங்கள்.

கேள்வி: சிக்னலில் நிற்கும்போது நியூட்ரலுக்கு மாற்ற வேண்டுமா?

பதில்: சிறிது நேரம்தான் என்றால் தேவையில்லை. டி நிலையில் பிரேக்கை நன்றாக மிதித்து நின்றால் கிளட்ச் தானாகவே விடுபட்டிருக்கும். பிரேக்கை அரைகுறையாக மிதித்து வண்டியை ஊர விடுவதுதான் தேய்மானத்துக்கு வழி. நீண்ட நேரம் நிற்க வேண்டியிருந்தால் நியூட்ரலில் போட்டுக் கைபிரேக்கை இழுத்து வையுங்கள். ஆனால் ஓடும் வண்டியை, குறிப்பாக இறக்கத்தில், ஒருபோதும் நியூட்ரலில் விடாதீர்கள். மேனுவல் நிலைக்கு மாற்றிக் கியரைக் குறைத்தால், உங்கள் பழைய காரைப் போலவே எஞ்சினே வேகத்தை அடக்கும்.