டர்ன் என்றால் எத்தனை நிமிடம்?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறோம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம். இப்போது ஆடுவது 2014 பதிப்பு. ஆனால் எங்களில் ஒருவர் பழைய ‘அட்வான்ஸ்ட்’ புத்தகங்களில் ஆடிப் பழகியவர். டர்ன், லெவல், ரெயில்ரோடிங் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் வாக்குவாதம். பாதிப் பொழுது அதிலேயே போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே வகைச் சண்டை இல்லை. டர்னும் லெவலும் விதிப்புத்தகத்துச் சொற்கள். புத்தகத்தைத் திறந்தால் வழக்கு முடிந்தது. ரெயில்ரோடிங் ஒரு புகார்: கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர், ஆட்டக்காரர்களை விருப்பப்படி விடாமல் தன் தண்டவாளத்திலேயே ஓட்டுகிறார் என்பது. அதற்குப் புத்தகத்தில் தீர்ப்பு கிடைக்காது.

பழைய ‘அட்வான்ஸ்ட்’ விதியில் ரவுண்ட் என்ற சண்டைச் சுற்று 1 நிமிடம், டர்ன் என்பது 10 நிமிடம். 2014 பதிப்பில் ரவுண்ட் வெறும் 6 விநாடி. அந்த 6 விநாடிக்குள் ஒவ்வொருவருக்கும் வரும் முறைதான் டர்ன். உங்கள் பழைய ஆட்டக்காரர் ‘தீப்பந்தம் 6 டர்ன் எரியும்’ என்கிறார். அவர் மனதில் இருப்பது ஒரு மணி நேரம். புதியவர் காதில் அது 36 விநாடி. சிரிக்கத்தான் செய்வார். வேடிக்கை என்னவென்றால், புதிய புத்தகத்திலும் தீப்பந்தம் ஒரு மணி நேரம்தான் எரிகிறது! ஆட்டத்துக்குள் நடக்கும் சண்டைக்கு வெளியே நேரம் பேசும்போது டர்ன் என்றே சொல்லாதீர்கள், நிமிடத்தில் சொல்லுங்கள். பாதித் தகராறு அங்கேயே ஓய்ந்துவிடும்.

லெவல் குழப்பத்துக்கு உங்கள் மேஜையில் யாரும் பொறுப்பில்லை. ஃபயர்பால் மூன்றாம் லெவல் மந்திரம், ஆனால் மந்திரவாதிக்கு அது கிடைப்பது ஐந்தாம் லெவலில். புதிதாக வரும் எவரும் இங்கே ஒருமுறை தடுக்கி விழுவார்கள். பழைய புத்தகத்தில் பாத்திரம், மந்திரம், அரக்கன், பாதாளத்தின் தளம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான். இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரும், 1978-ல் ஆட்டக்காரர் கையேட்டை எழுதியவருமான கேரி கைகாக்ஸே, இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் வைக்க முதலில் யோசித்ததாக அதில் குறிப்பிடுகிறார். பிறகு, பழகிய சொல் என்று அப்படியே விட்டுவிட்டார். நீங்கள் ‘மந்திர லெவல்’, ‘பாத்திர லெவல்’ என்று சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.

அப்புறம் ரெயில்ரோடிங். இதற்கு விளக்கம் தேடிப் போனால் விடிந்துவிடும். யாராவது அந்தச் சொல்லை எடுத்தால், ‘எந்த இடத்தில்?’ என்று மட்டும் கேளுங்கள். ‘காவலாளிக்கு லஞ்சம் கொடுக்கிறேன் என்றேன். பகடையே உருட்ட விடாமல் முடியாது என்றார்’ என்று பதில் வந்தால், அது நியாயமான புகார். டன்ஜன் மாஸ்டர் காரணம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பகடையைக் கொடுக்க வேண்டும். ‘வடக்கே போக நினைத்தோம், அவர் தெற்கே உள்ள ஊரைத்தான் தயார் செய்திருந்தார்’ என்றால், அது அவருக்கு நேரம் போதாத கதை. அடுத்த வாரம் எங்கே போகப்போகிறீர்கள் என்பதை இந்த வாரமே சொல்லிவிட்டால் போதும்.

கேமிஸ்ட் (சவாலை விரும்புபவர்), சிமுலேஷனிஸ்ட் (கதையுலகம் நிஜம்போல் நடக்க வேண்டும் என்பவர்) என்று ஆட்டக்காரர்களை வகை பிரிக்க யாராவது ஆரம்பித்தால் டீ குடிக்கும்போது பேசச் சொல்லுங்கள். 1990-களில் இணையத்தில் உருவான அந்தப் பாகுபாட்டை ஆட்ட வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் பின்னர் மாற்றியமைத்தார். சிமுலேஷனிஸ்ட் என்ற சொல்லுக்கு இரண்டு இடத்திலும் ஒரே எல்லை கிடையாது. இரண்டு பேர் இரண்டு அர்த்தத்தில் மணிக்கணக்காக மோதலாம்.

2024 புத்தகம் வாங்கினால் இன்னொரு வாக்குவாதமும் வரும். பாத்திரத்தின் இனத்தைக் குறிக்கும் ‘ரேஸ்’ இருந்த இடத்தில் அதில் ‘ஸ்பீசிஸ்’ என்று இருக்கும். எல்ஃபா, ட்வார்ஃபா என்று எழுதும் அதே இடம்தான். யாருக்கு எது வாயில் வருகிறதோ சொல்லட்டும்.