சின்ன வயதில் பிடித்த மழைக்காலம் இப்போதும் பிடிக்கிறதா?

சின்ன வயதில் கொண்டாடிய மழைக்காலம் பெரியவர்களானதும் அலுத்துப் போகிறதே, உங்களுக்கு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அலுத்ததே இல்லை. நடுவில் சில வருடம் பயந்தேன், அவ்வளவுதான்.

ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரிக்குக் கடைமடை. ஆற்றில் தண்ணீர் திறந்தால் கடைசியாக வந்து சேரும் இடம், மழைத் தண்ணீர் கடைசியாக வடியும் இடமும் அதுதான். இதெல்லாம் பத்து வயதுப் பையனுக்கு எங்கே தெரியும்? ஐப்பசி பிறந்தால் காலையில் ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், எங்கள் மாவட்டத்துப் பெயரோடு பள்ளிகளுக்கு விடுமுறை என்ற வார்த்தையும் வந்துவிட்டால் போதும். வயலில் இருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விழுகிற இடத்தில் கெண்டையும் குரவையும் எதிர்த்து ஏறும், பழைய வேட்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்போம். கெளுத்தி மாட்டினால் மட்டும் ஜாக்கிரதை, முள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும். ஒரே ஒரு சீருடைதான் என்பதால் அம்மா அதை அடுப்புக்கு மேலே கொடியில் போட்டுக் காய வைப்பார், மழைக்காலம் முடியும்வரை எங்கள் வகுப்பு முழுக்கப் புகை வாசனைதான். இப்போதும் ஈர விறகுப் புகை மூக்கில் பட்டால் எனக்குக் கணக்கு வாய்ப்பாடு ஞாபகம் வரும்.

அப்பாவுக்கு அந்த மாதங்களில் தூக்கம் கிடையாது. நடுராத்திரி சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு கிளம்புவார், மூணு கட்டை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓடுவேன். "தம்பி, லைட்ட இங்க காட்டு" என்பார். வரப்பை ஒரு வெட்டு வெட்டியதும் தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு வடிகாலில் பாயும், அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். சில நாள் வடிகாலே நிரம்பி நிற்கும். அன்றைக்கு வெட்டினால் அங்கிருந்து தண்ணீர் உள்ளே வரும். அப்போது அப்பா ஒன்றும் பேசாமல் முழங்கால் தண்ணீரில் குனிந்து, மூழ்கிக் கிடக்கும் பயிரைக் கையால் தடவிப் பார்ப்பார். இளம் சம்பா இப்படி ஒரு வாரம் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும். எனக்கு அப்போதும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. அவர் எதைத் தடவிப் பார்த்தார் என்பது புரிய எனக்கு இருபத்தைந்து வருடம் ஆனது.

புரிய வைத்தது 2015 டிசம்பர் 1. அப்போது சென்னையில், தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம், மனைவிக்கு ஏழாம் மாதம். நவம்பர் நடுவிலேயே ஒரு முறை தெருவுக்குள் தண்ணீர் வந்து வடிந்திருந்தது, அதனால் இனி வராது என்று நம்பிவிட்டோம். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் பெய்தாலே நாற்பதாயிரம் லிட்டர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வெள்ளம் என்றாலே எல்லோரும் செம்பரம்பாக்கத்தைச் சொல்கிறார்கள், ஆனால் அந்த ஏரித் தண்ணீர் அடையாற்றில் சேர்வது எங்களைத் தாண்டிய பிறகு, திருநீர்மலைப் பக்கத்தில். எங்கள் வீட்டுக்குள் வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர். கட்டில் உயரம் வந்தபோது மேல் வீட்டுக்காரர்கள் எங்களைத் தூக்கிக்கொண்டார்கள். மாடிப்படியில் நின்று கீழே பார்த்தபோது, வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத ஃப்ரிட்ஜ் படுத்த நிலையில் மிதந்தது. மறுநாள் படகு வந்தது.

அதற்கப்புறம் ஜன்னல் சன்ஷேடில் மழை விழும் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மேகத்தைப் பார்க்கிறவனாக இருந்தவன் ஏரியில் எத்தனை அடி, எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று செல்போனில் தேடுகிறவனானேன். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு வாசலில் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருவேன். அப்படி ஒரு ராத்திரி நிற்கும்போதுதான் அப்பா ஞாபகம் வந்தது. கையில் மண்வெட்டி மட்டும் இல்லை.

இதில் இன்னொன்றும் நடந்தது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். லாரிக்குக் காத்திருந்து, குடத்தை எண்ணிச் செலவழித்து, பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்த அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் ஐந்து நிமிஷம் தூறியது. தெருவே வெளியே வந்து நின்றது, நானும் நின்றேன். மூன்றரை வருடத்துக்கு முன்னால் வீட்டையே விட்டுத் துரத்திய மழை, முகத்தில் விழுந்தபோது கண் கலங்கிவிட்டது.

ஊரில் அப்பாவுக்கு நிம்மதி இல்லை. 'கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை' என்பார் அம்மா. ஆனால் 2021இல் தை பிறந்து பொங்கலை ஒட்டிக் கொட்டித் தீர்த்ததே, அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து தண்ணீருக்குள்ளேயே கதிர் முளைவிட்டது. அப்பா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார், உள்ளங்கையில் ஒரு கதிர், நெல்மணிகளில் பச்சை முளை. கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. மழை பிடிக்குமா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் வருவது அந்த உள்ளங்கைதான்.

பிடிக்கிறது. கன அடியைப் பார்த்துக்கொண்டேதான் பிடிக்கிறது.

இப்போது மேடான ஒரு பகுதியில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். மொட்டை மாடியில் மழைத் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் வேப்பிலைச் சருகு அடைத்துக்கொள்ளும், பெய்ய ஆரம்பித்தால் போய் எடுத்துவிட வேண்டும். மகளுக்கு ஒன்பது வயது, கூடவே வந்துவிடுவாள், டார்ச் அவள் கையில். கணுக்கால் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவிச் சருகை அள்ளியதும் தண்ணீர் ஒரு சுழி போட்டு, களகளவென்று சத்தத்தோடு இறங்கும். போன ஐப்பசியில் அவள் வெளிச்சத்தை அந்தச் சுழிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இன்னொரு தடவ அடச்சிட்டு எடுங்க" என்றாள். அடைத்துவிட்டு எடுத்தேன்.