கேளுங்கோ, சொல்லுறம்: சிப்புக்குள்ள புரோகிராம் ஏத்துறது

போன இதழில கன்ட்ரோலர் போர்டுகள் திருத்துறதைப் பற்றி எழுதினதுக்குப் பிறகு வந்த கேள்வியளில முக்காவாசி ஒரே விசயத்தைச் சுத்தித்தான் இருந்தது, சிப்புக்குள்ள இருக்கிற பிளாஷை, அதாவது கரண்ட் இல்லாட்டியும் எழுதினது அழியாம இருக்கிற நினைவகத்தை, எப்பிடி வாசிக்கிறது எப்பிடி எழுதுறது எண்டு. அதால இந்த முறை முழுக்க அதுதான். வன்னியில ஒரு போர்ட் பழுதானா அதே போர்டைத் திருப்பி எடுக்க யாழ்ப்பாணம் ஓடவேணும் இல்லாட்டி கொழும்புக்குச் சொல்லி விடவேணும், கனதரம் அங்கயும் கிடைக்காது, அதால கையில இருக்கிற அந்த ஒரு சிப்பை அவசரத்தில அழிச்சுப்போட்டு ஆரும் நிக்கக்கூடாது எண்டதுதான் என்ர பெரிய கவலை.

கேள்வி: அண்ணை, நான் ரீவி திருத்துறனான். ஒரு எல்ஈடி ரீவி லோகோவோட நிண்டு தானா ஓஃப் ஆகித் திருப்பி ஓன் ஆகுது. என்னட்ட கறுப்பு சிஎச்341ஏ புரோகிராமரும் (சிப்பை வாசிச்சு எழுதுற யூஎஸ்பி போர்ட்) சிப்பைக் கழட்டாமக் கவ்விப் பிடிக்கிற கிளிப்பும் இருக்குது. கிளிப்பைப் போட்டா ஒருக்கா சிப்பைக் காட்டுது ஒருக்கா காட்டுதில்லை. அதே மொடலின்ர ஃபைல் நெட்டில எடுத்து வச்சிருக்கிறன், இருக்கிறதை அழிச்சுப்போட்டு எழுதட்டோ?
(ரீவி திருத்துபவர், மல்லாவி)

பதில்: வேண்டாம் தம்பி, இப்ப அழிக்காதேங்கோ. ஒருக்கா காட்டி ஒருக்கா காட்டாம விடுற தொடுப்பில எழுதப் போனா புதுசும் அரைகுறையா ஏறும் பழசும் போயிடும். முதல்ல ரீட் குடுத்து ஒரு ஃபைலா சேவ் பண்ணுங்கோ, பிறகு கிளிப்பைக் கழட்டித் திருப்பிப் போட்டு இன்னொருக்கா வாசிச்சு வேற பேரில சேவ் பண்ணுங்கோ, ரெண்டு ஃபைலையும் ஒப்பிட்டுப் பாருங்கோ, ஒரு பைட் கூட மாறக்கூடாது. மாறினா தொடுப்புப் பிழை. முழுக்க எஃப்எஃப், அதாவது எல்லா பிட்டும் 1, எண்டு வந்தா சிப் வெறுமையாக் கிடக்குது எண்டு முடிவெடுக்க வேண்டாம், சிப் பதிலே சொல்லாட்டியும் அப்பிடித்தான் காட்டும். அளவையும் பாருங்கோ, உதாரணத்துக்கு 25கியூ64 எண்ட சிப்பின்ர பேரில வாற 64 மெகாபிட், பைட்டில 8 மெகாபைட், அப்ப ஃபைல் சரியா 8,388,608 பைட் இருக்கவேணும்.

கிளிப்பில ஏன் தடுமாறுது எண்டா, கிளிப்புக்குள்ளால போற 3.3 வோல்ட் அந்த எட்டுக்கால் சிப்புக்கு மட்டும் போறேல்ல, அதே லைனில இருக்கிற மெயின் புரொசெசருக்கும் போய் அதுவும் அரைகுறையா முழிச்சு அந்த நேரம் பாத்து பிளாஷோட கதைக்க வெளிக்கிடும், ரெண்டு பக்கத்தாலயும் ஒரே நேரத்தில கேட்டா சிப் என்ன செய்யும். ஹொட் எயாரால சிப்பைக் கழட்டி அடப்டர் போர்டில வச்சு வாசிக்கிறதுதான் திறம். அடப்டர் வாங்கேக்க சிப்பின்ர அகலத்தைப் பாருங்கோ, 150 மில்லும் இருக்குது 208 மில்லும் இருக்குது (மில் எண்டா அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்கு, மில்லிமீற்றர் இல்லை), ஒண்டுக்கு வாங்கினது மற்றதுக்கு வடிவாப் பிடிக்காது. சிப்பில புள்ளி வச்ச பக்கம் 1ஆம் கால், கிளிப் எண்டா சிவப்பு வயர் அந்தப் பக்கம் வரவேணும். புரோகிராமரின்ர சொக்கெட்டில பேர் 24 எண்டு தொடங்கிற சீரிஸுக்கு ஒரு பாதி, 25 சீரிஸுக்கு மற்றப் பாதி, போர்டிலயே படம் இருக்கும், உங்களுக்கு வேண்டியது 25.

இன்னொரு விசயம், இது கனபேர் கவனிக்கிறேல்ல. பழைய கறுப்பு சிஎச்341ஏ போர்டுகளில பிளாஷுக்குப் போற சப்ளை 3.3 வோல்ட் எண்டாலும் அந்த சிஎச்341ஏ ஐசி 5 வோல்ட்டில ஓடுறதால டேற்றா லைனுகளில 5 வோல்ட்டுக்குக் கிட்ட வரும். மல்ரிமீற்றரின்ர கறுப்பு முனையை கிரவுண்டில வச்சு சிவப்பை சிஎஸ் பின்னில, அதாவது 1ஆம் காலில வச்சுப் பாருங்கோ தெரியும். கன சிப்புகள் அதைத் தாங்கிக்கொண்டு வேலை செய்யுது எண்டது உண்மைதான், ஆனா தாங்குது எண்டு சொல்லி ஒரு ஆளின்ர ரீவியில அதைச் செய்யிறது சரியில்லை. வோல்ட் மாத்துற சுவிட்ச் வச்ச புதுப் போர்டுகள் வருகுது, அதை வாங்குங்கோ. சிப்பின்ர பேருக்குக் கடைசியில எஃப்டபிள்யூ இல்லாட்டி டிடபிள்யூ எண்டு இருந்தா அது 1.8 வோல்ட் சிப், அதுக்கு இடையில 1.8 வோல்ட் அடப்டர் போடாம கிட்டவும் கொண்டு போகாதேங்கோ.

நெட்டில எடுத்த ஃபைலைப் பற்றி. ரீவி மொடல் நம்பர் ஒண்டா இருந்தா போதாது, மெயின் போர்ட் நம்பரும் பெனல் நம்பரும் ஒத்துவரவேணும். ஒரே மொடலுக்கு ரெண்டு மூண்டு விதமான பெனல் போட்டு விக்கிறாங்கள், மாறி ஏத்தினா படம் தலைகீழா வரும், நிறம் குழம்பும், சிலநேரம் ஒண்டுமே வராது. அப்ப திரும்பிப் போறதுக்கு உங்களட்ட இருக்கப் போறது நீங்கள் முதல்ல வாசிச்சு வச்ச அந்த ஃபைல் மட்டும்தான். றவுட்டர் எண்டா இன்னும் மோசம், அந்தப் பெட்டிக்கெண்டு குடுத்த மாக் முகவரியும் வைஃபையைச் சரிப்படுத்தின அளவுகளும் கனதரம் அதே பிளாஷில ஒரு மூலையில இருக்கும், வேற பெட்டியின்ர ஃபைலை முழுசா ஏத்தினா அதுகள் போயிடும், பிறகு ஒரு இடமும் எடுக்கேலாது.

எழுதேக்க இறேஸ் (அழிக்கிறது), பிளாங்க் செக் (வெறுமையாகிட்டுதோ எண்டு பாக்கிறது), புரோகிராம் (எழுதுறது), வெரிஃபை (எழுதினதை ஒப்பிட்டுப் பாக்கிறது) எண்டு அந்த ஒழுங்கில போங்கோ. பிளாஷில அழிச்ச இடமெல்லாம் 1ஆ இருக்கும், எழுதுறது எண்டா வேண்டின இடத்தில 1ஐ 0 ஆக்கிறது மட்டும்தான், 0ஐத் திருப்பி 1 ஆக்கவேணும் எண்டா அந்த செக்டர் முழுக்க அழிக்கவேணும். அதாலதான் பழசை அழிக்காம மேல எழுதினா ரெண்டும் கலந்த குப்பை ஒண்டு வரும்.

கேள்வி: அண்ணா, நான் உயர்தரம் தொழில்நுட்பப் பிரிவு படிக்கிறன். புரொஜெக்ட்டுக்கு ஏடிமெகா328 மைக்ரோகன்ட்ரோலர் சிப் தனியா வாங்கி பிரெட்போர்டில குத்தி யூஎஸ்பிஏஎஸ்பி எண்ட யூஎஸ்பி புரோகிராமரால புரோகிராம் ஏத்தப் பாக்கிறன், சிப் பதில் சொல்லேல்ல எண்டு மெசேஜ் வருது. கடைக்காரர் சிப் நல்லது எண்டு சொல்லுறார். சிப் செத்திட்டுதோ?
(மாணவி, புதுக்குடியிருப்பு)

பதில்: செத்திருக்காது தங்கச்சி, புது சிப் செத்து வாறது குறைவு. முதல்ல வயரைப் பாருங்கோ. 28 கால் சிப்பில ரீசெட் 1, டேற்றா உள்ள போற மொசி 17, டேற்றா வெளிய வாற மிசோ 18, குளொக் வாற எஸ்சிகே 19ஆம் கால். சப்ளை 7ஆம் காலுக்கு மட்டும் குடுத்துப்போட்டு 20ஐ விட்டுடுவினம், கிரவுண்ட் 8க்குக் குடுத்துப்போட்டு 22ஐ விட்டுடுவினம், நாலையும் குடுங்கோ. 7க்கும் 8க்கும் நடுவில 100 நானோஃபரட் கப்பாசிற்றர் ஒண்டை சிப்புக்குக் கிட்ட வையுங்கோ. யூஎஸ்பிஏஎஸ்பி யில வாறது 10 பின், அதை 6 பின் ஆக்கிற சின்ன அடப்டர் போர்டைத் தலைமாறிக் குத்தினா சப்ளையும் கிரவுண்டும் பிழையான கால்களுக்குப் போயிடும், அதை ரெண்டு தரம் பாத்துப்போட்டு யூஎஸ்பியைக் குத்துங்கோ.

வயர் எல்லாம் சரி எண்டா அடுத்தது வேகம், உங்கட பிரச்சினை இதாத்தான் இருக்கவேணும் எண்டு நினைக்கிறன். இந்த சிப் பக்டரியில இருந்து வரேக்க உள்ளுக்க இருக்கிற 8 மெகாஹேர்ட்ஸ் குளொக்கை 8ஆல பிரிச்சு 1 மெகாஹேர்ட்ஸிலதான் ஓடும், புரோகிராம் ஏத்துற எஸ்சிகே வேகம் அந்தக் குளொக்கின்ர காற்பங்குக்குள்ள இருக்கவேணும், அப்ப 250 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழ. யூஎஸ்பிஏஎஸ்பி அதைவிட வேகமா அடிச்சா சிப்புக்கு ஒண்டும் பிடிபடாது. புரோகிராம் ஏத்த ஏவிஆர்டியூட் எண்ட சொஃப்ட்வெயார் பாவிக்கிறீங்கள் எண்டா பிட் குளொக் எண்ட இடத்தில 10 எண்டு குடுத்துப் பாருங்கோ. சில மலிவு யூஎஸ்பிஏஎஸ்பி களில உள்ளுக்க இருக்கிற ஃபேர்ம்வெயார் பழசு, அது இந்த அளவைக் கேக்காது, அப்ப போர்டில ஜேபி3 எண்டு எழுதின இடத்தில ஜம்பர் போட்டா மெதுவா ஓடும். விண்டோஸ் எண்டா டிரைவரை ஸாடிக் எண்ட சொஃப்ட்வெயாரால ஏத்தியிருக்கவேணும், அது இல்லாட்டி புரோகிராமரையே காணேல்ல எண்டுதான் மெசேஜ் வரும், உங்களுக்கு வாறது அதில்லை, அதால டிரைவர் சரி.

சிப் பதில் சொல்லத் தொடங்கினா சிக்னேச்சர், அதாவது தான் எந்த சிப் எண்டு சொல்லுற இலக்கம், காட்டும். 1ஈ 95 0எஃப் எண்டா 328பி. 1ஈ 95 14 எண்டா பி இல்லாத 328, நீங்கள் சொன்னது அதுதான் எண்டா சொஃப்ட்வெயாரிலயும் அதையே தெரிவு செய்யுங்கோ, கனபேர் இதில 328பி எண்டு குடுத்துப்போட்டு சிக்னேச்சர் பொருந்தேல்ல எண்டு சிப்பைத் தூக்கி எறியிறவை. முந்தி ஆரும் பாவிச்ச சிப் எண்டா வெளிக் கிறிஸ்டலுக்கு பியூஸ் (எரியிற பியூஸ் இல்லை, சிப் எப்பிடி ஓடவேணும் எண்டு சொல்லுற செட்டிங் பிட்) மாத்தியிருப்பினம், அப்ப கிறிஸ்டல் இல்லாம அது உயிரே குடுக்காது, 9க்கும் 10க்கும் ஒரு 16 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டலும் 22 பிகோஃபரட் ரெண்டும் போட்டுத் திருப்பிப் பாருங்கோ.

பியூஸில கை வைக்க முதல் இருக்கிறதை வாசிச்சு கொப்பியில எழுதுங்கோ, 328பி பக்டரியில இருந்து லோ 62, ஹை டி9, எக்ஸ்ரெண்டட் எஃப்எஃப் எண்டு வரும். அதில 0 எண்டாத்தான் போட்டிருக்குது, 1 எண்டா போடேல்ல, இந்த மாறாட்டத்திலதான் பிள்ளையள் ரீசெட் காலை நிப்பாட்டுற பியூஸைத் தெரியாம போட்டுடுறவை. அதுக்குப் பிறகு யூஎஸ்பிஏஎஸ்பி யால திருப்பி உள்ளுக்குப் போகேலாது, ரீசெட்டுக்கு 12 வோல்ட் குடுத்து எழுதுற வேற புரோகிராமர்தான் தேவைப்படும். கிளிநொச்சி அறிவியல்நகரில பொறியியல் பீடம் இருக்குது, அங்க படிக்கிற ஆரும் அண்ணா அக்காவை உங்களுக்குத் தெரிஞ்சா கூச்சப்படாம கேளுங்கோ.

கேள்வி: எங்கட வயலுக்கு யானைவேலி போட்டிருக்கிறம். ரெண்டு பெட்டி ஒரே மாதிரி, ஒண்டு இப்ப ஒழுங்கா அடிக்குதில்லை, விட்டு விட்டு அடிக்குது. உள்ளுக்க பிஐசி16எஃப் எண்டு தொடங்கிற சிப் இருக்குது. நல்ல பெட்டியில இருந்து புரோகிராமை எடுத்து மற்றதுக்கு ஏத்தலாம் எண்டு மகன் சொல்லுறான். பிஐசி சிப்புகளுக்கு எழுதுற பிக்கிற்3 புரோகிராமர் வச்சிருக்கிறான்.
(விவசாயி, நெடுங்கேணி)

பதில்: ஐயா, முதல்ல பெட்டியைத் திறக்கிறதைப் பற்றிச் சொல்லிப்போட்டு மற்றதுக்கு வாறன். அந்தப் பெட்டிக்குள்ள ஒரு பெரிய கப்பாசிற்றர் இருக்கும், பல நூறு வோல்ட்டைச் சேத்து வச்சு ஒவ்வொரு அடிக்கும் விடுறது அதுதான். பற்றரியைக் கழட்டினாப் பிறகும் அதில சார்ஜ் கிடக்கும். ஒரு பெரிய ரெசிஸ்டரை இன்சுலேசன் பிடிச்ச வயரால அதின்ர ரெண்டு காலுக்கும் பிடிச்சு இறக்கிப்போட்டு, மீற்றரால அளந்து 0 எண்டு கண்டாப் பிறகு மகன் கை வைக்கட்டும், லப்டொப்பும் அதுக்குப் பிறகுதான் கிட்ட வரவேணும்.

புரோகிராமைக் கொப்பி பண்ணுறது பெரும்பாலும் சரிவராது. செய்யிற ஆக்கள் சிப்பில பூட்டுப் போட்டுத்தான் விடுவினம், வாசிச்சா முழுக்க 0 எண்டு வரும், அந்த 0களை சேவ் பண்ணி மற்றதுக்கு ஏத்தினா இருந்த புரோகிராமும் போயிடும். பூட்டை எடுக்கிறதுக்கு இருக்கிற ஒரே வழி சிப்பை முழுக்க அழிக்கிறது, அழிச்சா பூட்டும் இல்லை புரோகிராமும் இல்லை. நல்ல பெட்டியில இறேஸ் பட்டனுக்குக் கிட்டவும் போகவேண்டாம் எண்டு மகனிட்ட சொல்லுங்கோ.

என்ர எண்ணம் இது புரோகிராம் கெட்ட பிரச்சினையே இல்லை. பிளாஷில எழுதினது சும்மா இருந்து அழியிறது அரிது. விட்டு விட்டு அடிக்குது எண்டா பற்றரியில லோட் வரேக்க வோல்ட் இறங்குதோ எண்டு பாருங்கோ, எர்த் கம்பி காய்ஞ்ச மண்ணில நிக்குதோ எண்டு பாருங்கோ, சப்ளைப் பக்கம் இருக்கிற சின்ன எலக்ட்ரோலிற்றிக் கப்பாசிற்றர் ஊதியிருக்குதோ, டெர்மினலில எறும்பு புத்து வச்சிருக்குதோ, இதெல்லாம் பாத்துத்தான் சிப்புக்கு வரவேணும்.

புரோகிராமைத் தானே எழுதிப்போடுறன் எண்டு மகன் வெளிக்கிட்டா தயவு செய்து விடாதேங்கோ. அந்த வேலி கிட்டத்தட்ட செக்கனுக்கு ஒரு அடி, அதுவும் கண் இமைக்கிற நேரத்துக்குள்ள முடியிற அடி, அதுக்கு நடுவில வாற ஓய்விலதான் தொட்ட ஆள் கையை எடுக்கிறது. கணக்குப் பிழைச்சு ஓய்வில்லாம அடிச்சா யானைக்கு மட்டுமில்லை விடிய வயலுக்குப் போற பிள்ளைக்கும் அது உயிர் ஆபத்து.

கேள்வி: ஒரு சிப்புக்கு எத்தினை தரம் எழுதலாம்? தண்ணி மோட்டர் எவ்வளவு நேரம் ஓடினது எண்டு சிப்பிலயே பதிஞ்சு வைக்க ஏலுமோ?
(வாசகர், மாங்குளம்)

பதில்: ஏடிமெகா328பி க்கு பிளாஷ் 10,000 தரம், ஈஈப்ரொம் (சின்னச் சின்ன அளவுகளைப் பதிஞ்சு வைக்கிற வேற நினைவகம்) 100,000 தரம் எண்டு செய்யிற கொம்பனி குடுத்திருக்குது. புரோகிராம் ஏத்திப் பழகுறதுக்கு 10,000 தாராளம். ஆனா மோட்டர் நேரத்தை நிமிசத்துக்கு ஒருக்கா ஈஈப்ரொமில அதே இடத்தில எழுதினா ஒரு நாளைக்கு 1,440, எழுபது நாளுக்குள்ள 100,000 தாண்டியிடும், ஒரு போகம் முடிய முதலே அந்த இடத்தை நம்பேலாமப் போகும். மோட்டர் நிக்கேக்க மட்டும் எழுதுங்கோ, ஒவ்வொரு முறையும் வேற இடத்தில எழுதுங்கோ. 328பி யின்ர ஈஈப்ரொமில 1,024 பைட் இருக்குது, நாலு நாலு பைட்டா எடுத்தா 256 இடம்.

கேள்வி: எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போனா சிப் போயிடுமோ? எங்கட பக்கம் மழை வெளிக்கிட்டாலே கரண்ட் நிக்கிறது.
(வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: வெளியில இருந்து புரோகிராமரால எழுதுற சிப் போகாது. உள்ளுக்கு எழுத விடுற வழி சிப்பின்ர வயரிங்கிலயே இருக்குது, பிளாஷில என்ன குப்பை இருந்தாலும் திருப்பி அழிச்சு திருப்பி எழுதலாம். ஆபத்து தன்னைத் தானே அப்டேட் பண்ணுற பெட்டியளுக்குத்தான், றவுட்டரும் ரீவியும், அதுகளில எழுதுற புரோகிராமும் அதே பிளாஷிலதான் இருக்கிறது, பாதியில நிண்டா எழும்ப வழியில்லாமப் போகலாம். அதுகளை அப்டேட் பண்ணுறது எண்டா மழைநாளில வேண்டாம், இல்லாட்டி யூபிஎஸ்ஸில போட்டுச் செய்யுங்கோ. லப்டொப்பில பற்றரி இருந்தா யூஎஸ்பி புரோகிராமருக்கு அதுவே காணும், போர்டுக்கு வெளிச் சப்ளை குடுத்திருந்தா அதை மட்டும் பாருங்கோ, கரண்ட் வந்தாப் பிறகு இறேஸில இருந்து திருப்பித் தொடங்கி கடைசியில வெரிஃபை பண்ணுங்கோ.