ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் தங்காதா?

கேள்வி: என் மருமகளுக்கு இப்போது 33 வாரம். சென்ற வாரம் வலி கண்டு மருத்துவமனையில் சேர்த்தோம். குழந்தையின் நுரையீரலுக்கு என்று சொல்லி அவளுக்கு நான்கு ஊசிகள் போட்டார்கள். வலி நின்று வீடு திரும்பிவிட்டாள். ஆனால் பார்க்க வருகிறவர்கள், ‘ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது’ என்று சொல்வதைக் கேட்டு அழுதபடி இருக்கிறாள். இதில் உண்மை உண்டா? தாய்க்குப் போட்ட ஊசி குழந்தையின் நுரையீரலுக்கு எப்படி உதவும்?
– வாசகி ஒருவர், மன்னார்குடி

பதில்: இதை முதலில் உங்கள் மருமகளிடம் படித்துக் காட்டுங்கள்: எட்டாம் மாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு, ஏழாம் மாதத்தில் பிறக்கும் குழந்தையைவிடப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபமே. நீங்கள் கேள்விப்பட்ட நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஹிப்போகிராட்டிஸ் பெயரில் வழங்கும் பண்டைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இது இருக்கிறது. பழமையானது என்பதால் அது உண்மையாகிவிடாது.

குறைமாதக் குழந்தைக்கு முதல் சோதனை மூச்சுதான். கருப்பையில் இருக்கும்வரை பிராணவாயு நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் இரத்தத்திலிருந்து வந்துவிடுகிறது; நுரையீரலில் நிறைந்திருப்பது திரவம். பிறந்ததும் அத்திரவம் விலகி, நுண்ணறைகள் காற்றால் விரிய வேண்டும். நனைந்த பிளாஸ்டிக் பையின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும். நுண்ணறைகளின் ஈரச் சுவர்களும் அவ்வாறே ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுப்பது, நுரையீரல் செல்களே சுரக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் கொழுப்புப் படலம். ஏறத்தாழ 24ஆம் வாரத்தில் சுரக்கத் தொடங்கும் இது, பெரும்பாலான குழந்தைகளுக்கு 35ஆம் வாரத்தை ஒட்டியே போதிய அளவை எட்டுகிறது. போதாத குழந்தை மூச்சுக்கு மூச்சு முனகும், மூக்கு விடைக்கும், விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கும்.

அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் மகன் பேட்ரிக், 1963 ஆகஸ்ட் 7 அன்று, ஐந்தரை வாரம் முன்னதாக, சுமார் 2.1 கிலோ எடையுடன் பிறந்து, இரண்டு நாள் நிறைவதற்குள் இந்தக் குறைபாட்டால்தான் இறந்தான். சர்ஃபாக்டன்ட் பற்றாக்குறையே இந்நோய்க்குக் காரணம் என்று மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் 1959இலேயே காட்டியிருந்தார்கள். ஆனால் மருந்து அப்போது இல்லை. அதே எடையும் அதே மாதமும் கொண்ட குழந்தைகள் இன்று பெரும்பாலும் நலமாக வீடு திரும்புகின்றன.

இந்த மாற்றத்தில் உங்கள் மருமகளுக்குப் போட்ட ஊசிக்குப் பெரிய பங்கு உண்டு. நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோனை 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு முறை தருவார்கள். பிரசவம் நெருங்கும்போது சிசுவின் உடலில் கார்டிசால் என்னும் ஹார்மோன் இயல்பாகவே கூடி, நுரையீரலை முதிரச் செய்கிறது. டெக்ஸாமெத்தசோன் நஞ்சுக்கொடியைக் கடந்து சென்று அதே வேலையை முன்கூட்டியே தொடங்கிவைக்கிறது. நியூசிலாந்தில் செம்மறியாடுகளை ஆராய்ந்துகொண்டிருந்த மருத்துவர் லிகின்ஸ், இவ்வகை ஹார்மோன் பெற்ற குட்டிகள் குறைமாதத்தில் பிறந்தும் மூச்சு விடுவதைக் கவனித்தார். குழந்தை மருத்துவர் ஹோவியுடன் சேர்ந்து தாய்மாரிடம் சோதித்து 1972இல் முடிவை வெளியிட்டார். சர்ஃபாக்டன்டையே குழந்தையின் மூச்சுக்குழாய் வழியாகச் செலுத்தும் முறையை 1980இல் ஜப்பானின் ஃபுஜிவாரா வெற்றியுடன் செய்து காட்டினார்.

மீண்டும் வலி கண்டாலோ, பனிக்குட நீர் கசிந்தாலோ, இரத்தம் பட்டாலோ, வீட்டில் காத்திராமல் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே செல்லுங்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்தால் உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒத்திசையாமல் பால் குடிக்கச் சிரமப்படும். சில நாள் குழாய் வழியே தாய்ப்பால் தருவார்கள், பயப்பட வேண்டாம். தோலடிக் கொழுப்பு குறைவாக இருப்பதால் சீக்கிரம் குளிர்ந்துபோகும். அதற்கு, துணி இடையில் இல்லாமல் குழந்தையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பைச் செவிலியர் சொல்லித் தருவார்கள். தாய் களைத்திருக்கும் நேரத்தில் அதைப் பாட்டியும் செய்யலாம்.